படக்காரர் அழித்த இடைவெளி

1. கதை தோன்றிய வரலாறு

மார்ச் ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை. காலை முதல் வானம் மூடியிருந்தது, காற்று அசையவில்லை, வந்துவிடுவேன் என்று மிரட்டிக்கொண்டிருந்த மழை மாலைவரை வரவில்லை. அன்று பிற்பகல், விண்ணப்பத்துடன் நான் இணைத்திருந்த நிழற்படம் ஓர் அலுவலகத்தில் ஏற்க மறுக்கப்பட்டது. "இது நீங்க இல்லையே" என்றார் சன்னலுக்கு அப்பால் இருந்த எழுத்தர். உற்று நோக்கினேன். அவர் கூற்றில் உண்மை இருந்தது. என் மேலுதட்டின் மீது பல்லாண்டுகளாகக் குடியிருக்கும் மருவைப் படத்தில் காணவில்லை. நான் கேளாமலேயே படக்காரர் அதைக் காலி செய்திருந்தார்.

ஆகவே, இக்கதை கோபத்தில் பிறந்தது என்பதை முதற்கண் ஒப்புக்கொள்கிறேன். படக்காரரிடம் போய்ச் சண்டையிடுவதற்கு மாறாக, அவரை ஒரு கதைக்குள் இழுத்துவந்து, அவருடைய தொழிலைக் கொண்டே அவரைச் சிக்கலில் மாட்டிவிடுவது என முடிவு செய்தேன். அவர் கடைக்கு எதிரே ஒரு பல் மருத்துவமனை உள்ளது. 'ஏழு வயதிலேயே உங்கள் குழந்தையின் பல்வரிசையைக் காட்டிவிடுங்கள்' என்று அதன் பெயர்ப்பலகை அறிவுறுத்துகிறது. எனவே அவருக்கு ஏழு வயதில் ஒரு மகளை வழங்கினேன். [உண்மையில் அவருக்கு மணமாகிவிட்டதா என்பதே எனக்குத் தெரியாது.]

2. கைவிடப்பட்ட தொடக்கங்கள்

(அ) "கதிரவன் மேற்றிசையில் சாய்ந்தான். படக்காரர் தம் கடைக் கதவை—" சாயட்டும். பல்லுக்கும் கதிரவனுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

(ஆ) "மனித உறுப்புகளுள் பல்லானது மூன்று வகையில் சிறப்புடையது. அவையாவன—" இது கட்டுரை. கதை கேட்க வந்தவர் எழுந்து போய்விடுவார்.

(இ) "வகுப்பில் எல்லோரும் அவள் பல்லைப் பார்த்துச் சிரித்தனர்." இவ்வாறு தொடங்கினால் வாசகர் இரண்டாம் வரியிலேயே கைக்குட்டையைத் தேடுவார். அவசரம் வேண்டாம்.

(ஈ) பின்வருவது தேறியது.

படக்காரர் தம் மகளைப் படமெடுக்கும்போதெல்லாம் ஒரே வாக்கியத்தைச் சொல்வார்.

"தலையை நேரா வைம்மா."

"நேராத்தாம்பா வெச்சிருக்கேன்."

"இடது பக்கம் சாயுது பாரு."

"கேமராதான் சாயுது. அதைத் திட்டு."

வீட்டில் எல்லோரும் அவளை வாண்டு என்று அழைத்தனர். அப்பெயர் ஏன் வந்தது என்பதை மேற்கண்ட உரையாடல் விளக்கும். அவள் தலை சாயவில்லை, தாடைதான் சாய்ந்தது என்பதைப் படக்காரர் ஒருநாள் அவள் ரொட்டியைக் கடிக்கையில் கண்டார். பற்கள் சேரும் தறுவாயில் கீழ்த்தாடை சட்டென இடப்புறம் நழுவி அமர்ந்தது. முகங்களை நேராக்குவதையே பிழைப்பாகக் கொண்ட ஒருவர், சொந்த மகளிடம் இத்தனை காலம் தலையை நேராக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

3. அண்ணமும் சாவியும்

இனி, மருத்துவச் செய்தியைச் சுருக்கமாகக் காண்போம்.

வாயின் மேற்கூரைக்கு அண்ணம் என்று பெயர். அது இரு பாதிகளால் ஆனது. சிறுவயதில் அப்பாதிகள் இறுகாமல் ஒரு கோட்டில் ஒட்டியிருக்கும். வளர வளர இறுகிவிடும். வாண்டுவின் மேல்தாடை குறுகலாக இருந்தது. ஆகவே மேற்பற்கள் ஒருபக்கம் கீழ்ப்பற்களுக்கு உள்ளே போய்க் கடித்தன. அதற்கு இடம்கொடுக்கத் தாடை சாய்ந்தது. எதிரே இருந்த மருத்துவமனையின் பல் சீரமைப்பு மருத்துவர் மேசைமீதிருந்த பல்வரிசை வார்ப்பைக் கையில் எடுத்து விளக்கினார்.

"இப்ப வந்தது நல்லதாப் போச்சு. பெரிய பொண்ணானப்புறம் வந்திருந்தா எலும்பை அறுத்துத்தான் விரிக்கணும். இப்ப ஒரு சாவி போதும்."

அண்ணத்தில் பொருத்தும் கருவியின் நடுவே ஒரு திருகு உண்டு. ஒரு சிறு கம்பிச் சாவியைத் திருகின் துளையில் செருகி, தொண்டைப் பக்கமாகத் தள்ளினால், எலும்பின் இரு பாதிகளும் இம்மியளவு விலகும். இதனை நாள்தோறும் வீட்டில் செய்தல் வேண்டும்.

வாண்டுவின் தாய் தொலைவில், மலைமேல் ஓர் அணைக்கட்டு மின்நிலையத்தில் பொறியாளர். மாதம் ஒருமுறை வருவார். கருவி பொருத்திய நாளில் விடுப்பெடுத்து வந்திருந்தார். அப்போது அவரிடம் மருத்துவர் சொன்ன ஒரு செய்தியை வாசகர் அடிக்கோடிட்டுக்கொள்ள வேண்டும்.

"கொஞ்ச நாள்ல முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல நல்லா சந்து விழும். பயந்துடாதீங்க. அது விழுந்தாத்தான் எலும்பு விலகுதுன்னு அர்த்தம். அப்புறம் தானா மூடிக்கும்."

இது சொல்லப்பட்டபோது படக்காரர் அறையில் இல்லை. நடைகூடத்தில் நின்று, ஒரு வாடிக்கையாளரிடம் தொலைபேசியில் மன்றாடிக்கொண்டிருந்தார். ["சார், மாமனாரைப் படத்துல இருந்து எடுக்கலாம். எடுத்தா அவர் கை மட்டும் உங்க தோள்ல நிக்கும். பரவாயில்லையா?"] திரும்பி வந்தபோது சாவி விளக்கம் நடந்துகொண்டிருந்தது. அதைக் கவனமாகக் கற்றார். சந்து பற்றிய செய்தியோ தாயுடன் மாலைப் பேருந்தில் ஏறி அணைக்கட்டுக்குப் போய்விட்டது. கணவனிடம் சொல்லிவிட்டோம் என்றே அவர் நினைத்திருந்தார். மணமான பலரிடம் இவ்வகை நம்பிக்கை காணப்படுகிறது.

புறப்படும் முன் மருத்துவர் கேட்டார். "வாரம் ஒரு படம் எடுத்து அனுப்புவீங்களா? உதட்டை விலக்கிப் பிடிச்சு, பல்லு தெரியற மாதிரி."

"படமா?" படக்காரர் நிமிர்ந்தார். "அது நம்ம வேலையாச்சே டாக்டர்!"

தாய் அப்போதே கைபேசியில் 'வாண்டு பல்' என்று ஒரு குழுவைத் தொடங்கினார். உறுப்பினர் மூவர்: மருத்துவர், தாய், படக்காரர்.

4. இடைவெளி

அன்றாடம் கடை மூடியதும் வாண்டு தந்தையின் மடியில் தலைவைத்து வாயைத் திறப்பாள். அவர் சாவியைச் செருகித் தள்ளுவார்.

"அப்பா, நான் என்ன கடிகாரமா, சாவி கொடுக்கறதுக்கு?"

"கடிகாரம் இவ்வளவு பேசாது. வாயைத் திற."

ஒரு நாள் காலை அவள் கண்ணாடிமுன் நின்று கத்தினாள். "அப்பா! சந்து வந்திருச்சு!" முன்பற்கள் இரண்டும் மனத்தாங்கல் கொண்ட அண்டை வீட்டார்போல் விலகி நின்றன. வாண்டுவுக்குப் பெருமை பிடிபடவில்லை. அதன் வழியே தண்ணீரைப் பீய்ச்சினாள், சீட்டியடித்தாள், அட்டைத் துண்டைச் செருகி, கையை விட்டாலும் நிற்கிறது பார் என்று காட்டினாள்.

படக்காரர் சாவியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சாவியை அதிகம் திருப்பிவிட்டோம், பிள்ளையின் பல்லைப் பிளந்துவிட்டோம் என்று நினைத்தார். மருத்துவரைக் கேட்கலாம், கேட்டால், 'என்ன சார் பண்ணி வெச்சிருக்கீங்க?' என்பார். மனைவியிடம் சொல்லலாம், சொன்னால், மலைமேல் தனியாக உட்கார்ந்துகொண்டு இரவெல்லாம் தூங்கமாட்டாள்.

வாரப் படத்திற்கான நாள் வந்தது. எடுத்தார். கணினியில் ஏற்றினார். வெளிச்சத்தைக் கூட்டினார். பின்னர் அவர் கை, நாள்தோறும் ஊராருக்குச் செய்கிறபடியே, வலப்புறப் பல்லின் ஓரத்தைப் பிடித்து மெல்ல இழுத்தது. இடைவெளி மூடிக்கொண்டது. பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"என் சந்து எங்கப்பா?"

"அம்மா பாத்தா பயந்துடுவாங்கல்ல கண்ணு. அதான்."

"டாக்டரும் பாப்பாங்களே?"

"அவங்களுக்கு ஓரத்துப் பல்லுதான் வேணும். நடுப்பல்லுல அவங்களுக்கு என்ன வேலை? அம்மா வீடியோல வந்தா நீயும் வாயைத் திறந்து சிரிக்காத. சரியா?"

வாண்டு திரையில் இருந்த பெண்ணை நெடுநேரம் பார்த்தாள். "இவ நல்லா இருக்கா" என்றாள். பிறகு சீட்டியடிக்கவில்லை.

5. பாத்திரத்தின் மீதான ஐயம்

இவ்விடத்தில் எழுத்தை நிறுத்திவிட்டுச் சில நாள் வேறு வேலை பார்த்தேன்.

காரணம் யாதெனில், படக்காரர் இதை ஏன் செய்தார் என்பதில் எனக்கே தெளிவில்லை. என் திட்டப்படி அவர் ஒரு வீண்பெருமைக்காரராக இருத்தல் வேண்டும். மகளின் முகம்கூடத் தம் கைவண்ணத்தில் இருக்க விரும்புபவர். அதற்கான தண்டனையைப் பெறுபவர். ஆனால் மனைவிக்குத் தூக்கம் கெடக்கூடாது என்ற எண்ணத்தை அவர் தலைக்குள் நான் வைக்கவில்லை. அது எப்படியோ வந்து உட்கார்ந்துகொண்டது. அவ்வாக்கியத்தை மூன்றுமுறை அடித்தேன். அது இல்லாமல் அவர் படத்தைக் குழுவுக்கு அனுப்ப மறுக்கிறார்.

அவர் கை செய்ததா, அச்சம் செய்ததா, அன்பு செய்ததா? முதலாவது எனில் இது நகைச்சுவை. இரண்டாவது எனில் இவர் கோழை. மூன்றாவது எனில் என் மருவின் வழக்கு தோற்றுவிடும். வாசகர் விரும்பியதைக் கொள்க. நான் மூன்றையும் ஒரு கையில் வைத்துக்கொண்டு மேலே செல்கிறேன்.

6. தொலைபேசி

அடுத்த வாரப் படமும் சீராகவே போயிற்று. அன்று மாலை தாய் அழைத்தார். அவர் குரலில் ஒரு பதற்றம் இருந்தது. அணைக்கட்டின் காற்று அதைப் பாதி தின்றுவிட்டது.

"ஏங்க, ஒண்ணு கேக்கறேன். உண்மையைச் சொல்லுங்க. முன்பல்லு நடுவுல ஏதாவது சந்து தெரியுதா?"

யாரோ சொல்லிவிட்டார்களா? படக்காரர் வாண்டுவைத் திரும்பிப் பார்த்தார். அவள் உதட்டை இறுக மூடி, நான் சொல்லவில்லை என்று தலையை ஆட்டினாள்.

"சந்தா? சேச்சே! அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல."

"கொஞ்சம்கூட?"

"மயிரிழை நுழையாது. நீ சும்மா மனசைப் போட்டுக் குழப்பிக்காத."

மறுமுனையில் பேச்சில்லை. நிம்மதியில் வாயடைத்துப் போனாள் என்று படக்காரர் கொண்டார்.

"நல்லா பாத்தீங்களா?"

"நான் பாக்காம வேற யாரு பாக்கறது? நிம்மதியாத் தூங்கு."

"...ம். சரி."

அவர் ஆறுதல் என்று அனுப்பிய ஒவ்வொரு சொல்லும் அங்கே இடியாக இறங்கியது. சந்து விழவில்லை, ஆகவே எலும்பு விலகவில்லை, ஆகவே நம் பிள்ளைக்கு இது பலிக்கவில்லை என்று தாய் முடிவுகட்டினார். கணவனுக்கும் இது தெரியும், தன்னைத் தேற்றவே அப்படிப் பேசுகிறார் என்று எண்ணி, தம் முடிவை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால், சாவியை நான் சரியாகத் திருப்பவில்லையோ என்று அந்த மனிதர் உருகிப்போவார் என்பது அவர் கணிப்பு. ஒருவர் தூக்கத்தை ஒருவர் காக்க, இருவரும் விழித்துக்கிடந்தனர்.

படங்களைப் பார்த்த மருத்துவரும் அதே முடிவுக்கு வந்தார். தாயை அழைத்து, தினமும் இருமுறை திருப்பச் சொன்னார். [மருத்துவர் எவரேனும் இதைப் படித்தால், 'வாயை நேரில் பார்க்காமல் யார் இப்படிச் சொல்வார்?' என்று சினம்கொள்வார். நியாயம். அதற்காகவே அந்த வாரம் இம்மருத்துவருக்குக் கடும் காய்ச்சலை வரவழைத்தேன். படுக்கையிலிருந்து சொன்னார், எழுந்ததும் நேரில் வரச் சொல்லியும்விட்டார். கதையில் இத்தகைய காய்ச்சல்கள் ஏற்கத்தக்கவை.]

"டாக்டர் ரெண்டு தடவை திருப்பச் சொல்றாங்க" என்று தாய் தெரிவித்தார்.

"ரெண்டு தடவையா!"

"ஏங்க, என்ன?"

"ஒண்ணுமில்ல. திருப்பறேன்."

திருப்பினார். ஒவ்வொரு திருப்பலுக்கும் தம் பல்லையே யாரோ நெம்புவதுபோல் கண்ணை மூடிக்கொண்டார். இடைவெளி அகன்றது. வாண்டு இப்போது வீட்டுக்குள்ளும் கையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் பேசினாள். பால்காரர் வந்து, "என்ன பாப்பா, பல்வலியா?" என்றதற்குத் தலையை மட்டும் அசைத்தாள். சீட்டியடித்துத் தெருவைக் கூட்டிய பிள்ளையை ஒரு படம் இப்படி ஆக்கியது. இதனைத் திருத்தும் கருவி எதுவும் கடைக் கணினியில் இல்லை.

7. மருத்துவமனை

தாய் இரவுப் பேருந்தில் வந்து, வீட்டுக்குப் போகாமல், பையுடன் நேரே மருத்துவமனையில் இறங்கினார். படக்காரர் மகளுடன் தெருவைக் கடந்து வந்தார். தாயைக் கண்டதும் வாண்டு ஓடிப்போய் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். முகத்தை மட்டும் புடவைக்குள் புதைத்துக்கொண்டாள்.

அறையில் மருத்துவர் கையுறை மாட்டிக்கொண்டே சொன்னார். "எலும்பு விலகின மாதிரி தெரியல. இன்னிக்கு இந்தக் கருவியைக் கழட்டிடலாம். ஸ்கேன் எடுத்துப் பார்த்துட்டு, பெரிய மருத்துவமனைக்கு எழுதித் தரேன். அங்க மயக்கம் கொடுத்துச் செய்ய வேண்டி வரலாம்."

தாய் பையின் வாரைப் பற்றிக்கொண்டார். மயக்கம் என்ற சொல்லில் படக்காரர் ஓரடி முன்னே வந்தார். சந்து விழுந்திருப்பதை அவ்வறையில் அறிந்தவர்கள் இருவர். ஒருவருக்கு அதுதான் கருவியின் வேலை என்றே தெரியாது. மற்றவள் நாற்காலியில் சாய்ந்து, உதட்டைத் தைத்ததுபோல் மூடியிருந்தாள்.

"வாயைத் திற செல்லம்" என்றார் மருத்துவர்.

வாண்டு திறக்கவில்லை.

8. முடிவுகள், பரிசீலனையில்

முதல் முடிவு: படக்காரர் எழுந்து நின்று, தம் பிழையை விரிவாக எடுத்துரைத்து, மன்னிப்பு வேண்டுகிறார். "அன்புடையீர், தொழிற்பழக்கமானது மனிதனின்—" இல்லை. இவர் ஆயுளில் பேசிய நீண்ட வாக்கியம், 'தலையை நேரா வெச்சு, தோளைத் தளர்த்தி, கண்ணைச் சிமிட்டாம இருங்க' என்பதே.

இரண்டாம் முடிவு: மருத்துவர் கண்ணாடிக் கோலால் உதட்டை நெம்பித் திறக்க, உண்மை தானே வெளிப்படுகிறது. யாரும் எதையும் சொல்லத் தேவையில்லை. படக்காரருக்கு இது மிக வசதி. ஆனால் கையால் வாய் பொத்தும் பழக்கம் அந்தப் பிள்ளையிடம் அப்படியே தங்கிவிடும். ஆகவே நிராகரிக்கப்பட்டது.

மூன்றாம் முடிவு: இருமுறை திருப்பியதால் தாடை மீளாக் கேடுற்றது. படக்காரர் ஆயுளுக்கும் அழுகிறார். இதற்காகத்தான் கதையைத் தொடங்கினேன் என்பதை மறுக்கமாட்டேன். ஆயினும் விசாரித்ததில், அளவு கொஞ்சம் மிஞ்சினால் சாவியை எதிர்ப்புறம் திருப்பினால் போதுமாம். உடற்கூறு என் கோபத்திற்கு ஒத்துழைக்கவில்லை. இப்போது எனக்கும் அது வேண்டியதாக இல்லை.

எஞ்சியது பின்வருமாறு.

9. எஞ்சியது

படக்காரர் நாற்காலியருகே குந்தி அமர்ந்தார்.

"காட்டும்மா."

வாண்டு உதடு பிரியாமல் முனகினாள். "அம்மா இருக்காங்க."

"இருக்கட்டும். காட்டு."

"பயப்படுவாங்க."

"நான் எதுக்குடி பயப்படணும்?" என்றார் தாய்.

வாண்டு அவரைப் பார்க்கவில்லை. தந்தையையே பார்த்தாள். கையை எடுத்து வாய்மீது வைத்துக்கொண்டு, விரல்களுக்கு நடுவிலிருந்து கேட்டாள்.

"காட்டினா, மறுபடியும் அழிச்சிட மாட்டியே?"

"எதை?" தாயின் பை கீழே நழுவியது. "ஏங்க, எதை அழிச்சீங்க?"

மருத்துவர் ஒரு கையுறையைக் கழற்றினார். கைபேசியை எடுத்தார். குழுவில் இருந்த கடைசிப் படத்தை விரலால் பெரிதாக்கி, பற்களின் நடுவே நிறுத்தினார். பிறகு, தெருவுக்கு அப்பால் சன்னல் வழியே தெரிந்த கடைப் பலகையைப் பார்த்தார். பிறகு படக்காரரை.

படக்காரர் மகளின் கையைப் பிடித்து மெல்ல இறக்கினார். "மாட்டேன்" என்றார்.

வாண்டு வாயைத் திறந்தாள். சட்டைப் பொத்தான் தாராளமாக நுழையும் அளவு இடைவெளி. விளக்கு வெளிச்சம் அதன் வழியே உள்ளே போய் நாக்கில் விழுந்தது.

"அடேயப்பா!" என்றார் மருத்துவர். "எவ்வளவு ஜோரா விழுந்திருக்கு! எதுக்குக் கழட்டறது? கொஞ்சம் அதிகமாவே போயிருக்கு, அவ்வளவுதான். அதைப் பின்னாடி திருப்பிக்கலாம்."

"இது விழணுமா?" என்றார் படக்காரர்.

"விழணுமாவா? இது விழலைன்னுதான் இத்தனை நாளா..." தாய் முடிக்கவில்லை. மகளின் முகத்தை இரு கைகளாலும் ஏந்திப் பார்த்தார், நெடுநேரம் பார்த்தார், அவர் கண் நிறைந்தது. "சீட்டியடிக்க வருமாடி?" என்று கேட்டார். வாண்டு அடித்தாள். காத்திருப்போர் அறையில் யாரோ சிரித்தனர்.

பிறகு தாய் கணவன் பக்கம் திரும்பினார்.

"நான் போன்ல கேட்டேன்ல. மயிரிழை நுழையாதுன்னு சொன்னீங்க. ஏன்?"

இதற்குப் படக்காரர் என்ன விடை சொன்னார் என்பதை நான் எழுதப்போவதில்லை. எழுதிப் பார்த்தேன். பலவாறு எழுதினேன். "உனக்காகத்தான்" என்றால், அது உண்மை. ஆனால் பழியை அவள் தலையில் ஏற்றுகிறது. "தெரியாம செஞ்சிட்டேன்" என்றால், அதுவும் உண்மை, ஆனால் பாதி. "பயமா இருந்துச்சு" என்று சொல்ல அவர் வாய் இதுவரை பழகவில்லை. அதை நானே ஊட்டினால் அது என் சொல்லாகிவிடும். ஆகவே அவ்விடத்தைத் திறந்தே விடுகிறேன். நிரப்ப விரும்பும் வாசகர் கீழ்க்கண்டவற்றைக் கருத்தில் கொள்க: கேட்பவள் இரவெல்லாம் பேருந்தில் உறங்காதவள், அவள் கோபம் இன்னும் இறங்கவில்லை, நாற்காலியில் ஏழு வயதுப் பெண் ஒருத்தி வாய் திறந்தபடி, ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

படக்காரர் வாயைத் திறந்தார்.

"அது வந்து..."